மனசு செய்த வேலை அல்ல

இலங்கையில் பீட்டா தலசீமியா உள்ள பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கர்ப்பமாக இருந்தபோது குமட்டல், வாந்தி இருந்ததா? தலசீமியா என்பது ரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாமல் போகும் பரம்பரை நோய். கடுமையாக இருந்தால் ரத்தம் ஏற்றிக்கொள்வதும், உடலில் தேங்கும் இரும்புச்சத்தை மருந்தால் வெளியேற்றுவதுமாக ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட உடம்பு கர்ப்பத்தையும் சுமக்கும்போது மசக்கை ஒரு பங்கு கூடுதலாகவே படுத்தியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். வந்த பதில் நேர்மாறு. அவர்களில் 100க்கு 5 பேர் என்ற அளவில்தான் குமட்டலோ வாந்தியோ இருந்திருக்கிறது. ஏறக்குறைய அதே வயதில், தலசீமியா இல்லாத பெண்களிடம் அதே கேள்வியைக் கேட்டபோது 60 சதவீதத்துக்கும் மேல் ‘ஆமாம்’ என்றார்கள்.

களனிப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் சச்சித் மெத்தானந்தவும் இடம்பெற்ற ஒரு பன்னாட்டு ஆய்வின் சிறிய பகுதி இது. முழு ஆய்வும் 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சில பத்துப் பெண்களிடம் கேட்ட கேள்வி என்பதால் இதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால், அதே கட்டுரையில் இருந்த மரபணுச் சான்று, ரத்தப் பரிசோதனை, எலிகளிடம் செய்த சோதனை எல்லாமே ஒரே திசையைக் காட்டின. நூறு ஆண்டுகளாக ‘எல்லாம் மனசுதான்’ என்று ஒதுக்கப்பட்ட ஒரு நோய்க்கு, ரத்தத்தில் ஓடும் ஒரு புரதம் விடை சொன்னது.

மாங்காய்க்கும் புளிக்கும் அப்பால்

நம் சினிமாவில் கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினால் போதும். அடுத்த காட்சியில் வீடே இனிப்பு வழங்கும். வாந்தி நமக்கு நல்ல சேதி. பத்துக் கர்ப்பிணிகளில் ஏழு பேருக்கு ஏதோ ஒரு மட்டத்தில் குமட்டல் வருகிறது என்பதால் அது தப்பான படமும் அல்ல. ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பது, பத்தாவது வாரங்களில் உச்சத்துக்குப் போய், நான்காம் மாதம் முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடுகிறது. மாங்காய், புளி, நெல்லிக்காய், பொரி, இஞ்சி என்று எதையாவது வாயில் அடக்கிக்கொண்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

நூற்றில் ஒருவர், இருவருக்கு அது அடங்குவதில்லை. சோறு கொதிக்கிற ஆவி பட்டாலே ஓங்கரிப்பு. பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனைக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும். குடித்த தண்ணீர் குடித்த வேகத்தில் திரும்பி வரும். ஊறுகிற எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் டம்ளரும் கையுமாகப் படுத்துக் கிடப்பார்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் கரைந்துவிடும். இதற்குத்தான் ‘ஹைப்பர்எமெசிஸ் கிராவிடாரம்’ என்று பெயர். எடை குறைந்தால்தான் நோய் என்றால் குண்டான பெண்ணுக்கு நோயே வராது என்று ஆகிவிடுமே என்ற குறை நீண்ட நாளாக இருந்தது. 2021இல் மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து உட்கார்ந்து ‘வின்சர் வரையறை’ என்ற ஒன்றை உருவாக்கினார்கள். 16ஆவது வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும், குமட்டல் வாந்தி இரண்டில் ஒன்றாவது கடுமையாக இருக்க வேண்டும், வழக்கம்போல் சாப்பிடவோ குடிக்கவோ முடியாமல் போக வேண்டும், அன்றாட வேலைகள் முடங்க வேண்டும் என்கிறது அது. எடைக்கருவியைவிட, அந்தப் பெண்ணால் எழுந்து நடமாட முடிகிறதா என்பதே முக்கியம் என்று ஒப்புக்கொண்ட வரையறை.

பிரபலங்களையும் இது விட்டதில்லை. ‘ஜேன் ஐர்’ நாவலை எழுதிய சார்லட் பிராண்டி 1854 ஜூனில் கல்யாணம் செய்துகொண்டார். 1855 மார்ச் 31 அன்று, நாலைந்து மாதக் கர்ப்பிணியாக, 38ஆவது வயதில் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழில் இருப்பது காசநோய். கடைசி மாதங்களில் ஓயாத குமட்டலும் வாந்தியுமாக உருக்குலைந்ததைக் கடிதங்களில் படித்த பிற்கால மருத்துவர்கள் பலர், இது ஹைப்பர்எமெசிஸாகத்தான் இருந்திருக்கும் என்கிறார்கள். 2012 டிசம்பரில் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் மனைவி கேட், லண்டனில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டபோதுதான் இந்த வாயில் நுழையாத பெயர் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கு வந்தது. மூன்று கர்ப்பத்திலும் அவருக்கு அதே பாடு. அரண்மனை சமையல்காரர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

படுக்கையில் தனியே விடப்பட்டவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் மனப்பகுப்பாய்வு செல்வாக்குடன் இருந்த பல பத்தாண்டுகள் மருத்துவம் இந்த நோயைப் பற்றிச் சொன்னதைப் படித்தால் கோபம்தான் வருகிறது. இந்தப் பெண் உள்ளுக்குள் இந்தக் குழந்தையை விரும்பவில்லை. வாய்வழியாக அதை வெளியே தள்ளப் பார்க்கிறாள். புருஷன் மேல் வெறுப்பு. தாயிடமிருந்து பிரிய முடியாத பிடிப்பு. இப்படியெல்லாம் மருத்துவ இதழ்களிலேயே எழுதினார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. பார்க்க வரும் உறவினர்களைத் தடுத்து நோயாளியைத் தனி அறையில் வைப்பது சிகிச்சையாகவே நடந்தது. வாந்தி எடுக்கப் பாத்திரம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று நர்சுகளிடம் சொல்லிவைத்த மருத்துவர்களும் இருந்தார்கள்.

நம் வீடுகளுக்கு மனப்பகுப்பாய்வு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் புதிதாகச் சொல்ல அதனிடம் ஒன்றும் இருந்திருக்காது. “நாங்களும்தான் அஞ்சு பெத்தோம், இப்படியா படுத்தோம்?” “அம்மா வீட்டுக்குப் போகணும்னா நேரா சொல்ல வேண்டியதுதானே?” இவற்றைக் கேட்காத மருமகள் குறைவு. அஞ்சு பெற்ற மாமியாருக்கு வாந்தி வராததற்கு அவருடைய மனதிடம் காரணமில்லை என்பதுதான் இப்போது தெரியவந்திருக்கும் சேதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பது உண்மைதான். வாரக்கணக்கில் ஒரு வாய் சோறு தங்காதவருக்குச் சோர்வு வராமல் வேறென்ன வரும்? வாந்தியால் வந்த சோர்வைக் கண்டு, சோர்வால்தான் வாந்தி என்று எழுதிவைத்தார்கள். தலையும் வாலும் மாறிப்போன நோய்க்குறிப்பு அது.

ஹெச்.சி.ஜி. மீது விழுந்த சந்தேகம்

உடலில் காரணம் தேடியவர்கள் முதலில் பிடித்தது ஹெச்.சி.ஜி. ஹார்மோனை. மருந்துக்கடையில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டாவது கோட்டை வரவழைப்பது இதுதான். நஞ்சுக்கொடியாக உருவாகப் போகும் செல்களில் சுரந்து, முதல் வாரங்களில் மளமளவென்று ஏறி, எட்டிலிருந்து பதினொன்றாவது வாரத்துக்குள் உச்சம் தொட்டு இறங்குகிறது. மசக்கையின் ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய அதே தடம். இரட்டைக் குழந்தை என்றால் ஹெச்.சி.ஜி. கூடுதல், வாந்தியும் கூடுதல். கரு உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் முத்துமுத்தாகப் பெருகும் ‘முத்துப்பிள்ளை’ கர்ப்பத்தில் ஹெச்.சி.ஜி. எகிறும், வாந்தியும் அப்படியே. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு சாட்சியும் இருந்தது. ஹெச்.சி.ஜி.யும் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனும் அமைப்பில் பாதி ஒன்று. இரண்டுக்கும் ஆல்ஃபா துண்டு ஒன்றேதான். அதனால் ஹெச்.சி.ஜி. மிகும்போது தைராய்டு சுரப்பி ஏமாந்துபோய் கூடுதலாக வேலை செய்யும். கடும் வாந்தியோடு வரும் கர்ப்பிணியின் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அளவு தரைமட்டத்தில் இருப்பதன் காரணம் இதுதான். இதைப் பார்த்துவிட்டுத் தைராய்டை அடக்கும் மாத்திரை எழுதக் கூடாது. தைராய்டு நோயின் வேறு அடையாளங்கள் இல்லாவிட்டால், நான்கைந்து மாதத்தில் அது தானாகவே சமநிலைக்கு வந்துவிடும்.

ஆனாலும், வழக்கு நிற்கவில்லை. வாந்தியெடுப்பவர்கள், எடுக்காதவர்கள் இருவரின் ஹெச்.சி.ஜி. அளவையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஆளுக்கொரு முடிவு சொல்லின. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், லெப்டின் என்று அடுத்தடுத்து கூண்டில் ஏற்றினார்கள். புரோஜெஸ்டிரோன் குடலின் அசைவை மந்தமாக்கும் என்பது சரிதான். ஆனால், அது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஏறுகிறதே? ஒருத்திக்குக் கொஞ்சம் குமட்டல், இன்னொருத்திக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை என்ற வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஹார்மோன் அளவுகளில் பதில் கிடைக்கவில்லை.

குடும்பங்களில் கிடைத்தது. கூடப்பிறந்த சகோதரிக்கு இந்த நோய் இருந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு அது வரும் வாய்ப்பு சுமார் 17 மடங்கு அதிகம் என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நார்வேயின் பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள், தாய்க்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு மூன்று மடங்கு என்றார்கள். அதே பதிவேட்டில் வேறொரு விநோதமும் தென்பட்டது. முதல் கர்ப்பத்தில் நோய் வந்த பெண்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வருவது 15 சதவீதம். இடையில் குழந்தையின் தகப்பன் மாறியிருந்தால் 11 சதவீதம். தாயின் உடம்பு மட்டுமே காரணம் என்றால் தகப்பன் மாறுவதில் என்ன இருக்கிறது? இந்த முடிச்சும் பின்னால் அவிழ்ந்தது.

நோயாளியே ஆராய்ச்சியாளராக

1999இல் மார்லீனா ஃபேஸோ தன் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். மரபியலில் முனைவர் பட்டம் பெற்றவர். லாஸ் ஏஞ்சலிஸில் வேலை. ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட உள்ளே தங்காமல், உடல் எடை 40 கிலோவை ஒட்டி இறங்கி, ரத்தக்குழாய் வழியாக ஊட்டச்சத்து ஏற்றும் நிலைக்குப் போனார். கணவரும் பெற்றோரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காக இப்படி நடிக்கிறார் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். பதினைந்தாவது வாரத்தில் கரு இறந்துவிட்டது.

இந்தத் துக்கத்துக்குப் பிறகு அவர் தேடிப் பார்த்தபோது நோயின் காரணத்தைப் பற்றி உருப்படியான ஆராய்ச்சி மிகக் குறைவாகவே இருந்தது. தானே இறங்கினார். நோயாளிகளுக்காக இயங்கும் ஹைப்பர்எமெசிஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து, கேள்வித்தாள் அனுப்பி, எச்சில் மாதிரி சேகரித்து வருடக்கணக்கில் உழைத்தார். பெரிய நிதி எளிதில் கிடைக்கவில்லை. இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் கோடிகள் ஒதுக்கும் அமைப்புகளுக்கு, மூன்று மாதத்தில் ‘சரியாகிவிடும்’ வாந்தி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை போலும்.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பூர்வீகம் தெரிந்துகொள்ள எச்சில் அனுப்பினால் டி.என்.ஏ. படித்துச் சொல்லும் ‘23அண்ட்மி’ என்ற தனியார் கம்பெனி, தன் வாடிக்கையாளர்களிடம் கர்ப்பகால வாந்தி பற்றியும் கேள்விகள் சேர்க்கச் சம்மதித்தது. 50,000க்கும் மேற்பட்ட பெண்களின் பதில்களும் மரபணுத் தகவலும் கைக்கு வந்தன. 2018இல் முடிவு வெளியானது. சந்தேகப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஹெச்.சி.ஜி. மரபணுக்கள் அங்கே இல்லவே இல்லை. மேலே வந்து நின்றது பத்தொன்பதாவது குரோமோசோமில் இருக்கும் ‘ஜி.டி.எஃப்.15’ என்ற மரபணு.

ஒல்லியாக்கும் புரதம்

ஜி.டி.எஃப்.15 என்ற புரதம் பிறந்த வீடு வேறு. 1997இல் சிட்னியில் சாமுவேல் பிரெய்ட்டின் குழு, நோய் எதிர்ப்புச் செல்களை ஆராயும்போது இதைக் கண்டுபிடித்து வேறொரு பெயர் வைத்தது. ஆரோக்கியமாக இருக்கும்போது ரத்தத்தில் கொஞ்சமாக ஓடும். செல்லுக்கு நெருக்கடி வரும்போது ஏறும். புற்றுநோய் முற்றி ஆள் எலும்பும் தோலுமாகும்போது இது பல மடங்கு உயர்ந்திருப்பதையும், எலிக்கு ஊசி போட்டால் அது தீனியைத் தொடாமல் மெலிவதையும் பார்த்ததும் மருந்துக் கம்பெனிகளுக்கு நாக்கில் நீர் ஊறியது. உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டதே! இந்தப் புரதம் உடலில் எங்கே போய் ஒட்டுகிறது என்று நான்கு கம்பெனிகளின் குழுக்கள் போட்டிபோட்டுத் தேடி, 2017இல் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடை சொன்னார்கள். ஒட்டுமிடத்தின் பெயர் ‘ஜிஃப்ரால்’. அது இருப்பது பின்மூளையில் ஒரு சின்னஞ்சிறு பகுதியில் மட்டும்.

அந்தப் பகுதிதான் வாந்திக்குப் பொறுப்பு. ரத்தத்தில் ஓடும் கண்டதும் மூளைக்குள் புகுந்துவிடாதபடி காக்கும் தடுப்பு, மூளையின் மற்ற இடங்களைப் போல இங்கே இறுக்கமாக இல்லை. ரத்தத்தில் விஷம் கலந்திருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க வசதியாகவே அப்படி அமைந்திருக்கிறது. கெட்டுப்போனதைத் தின்றால் குமட்டுவதும், அதன் பிறகு பல நாள் அந்தப் பதார்த்தத்தைக் கண்டாலே பிடிக்காமல் போவதும் இதைச் சுற்றி நடப்பவை. ஜி.டி.எஃப்.15 பசியை மெல்லக் குறைக்கும் நல்ல பிள்ளை இல்லை, அது குமட்டலை உண்டாக்கித்தான் சாப்பாட்டைத் தடுக்கிறது என்று தெரிந்ததும் பருமன் மருந்துக் கனவு கொஞ்சம் கசந்தது.

கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ ராஹிலி இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். லெப்டின் இல்லாமல் பிறந்து, அடங்காப் பசியால் உடல் பெருத்த குழந்தைகளை 1997இல் அடையாளம் கண்டு, பசியும் பருமனும் மனக்கட்டுப்பாட்டு விஷயம் மட்டுமல்ல என்று நிரூபித்தவர்களில் ஒருவர். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஜி.டி.எஃப்.15 தாறுமாறாக உயர்வது சிட்னி குழு ஏற்கெனவே சொன்னதுதான். கேம்பிரிட்ஜில் ஏறத்தாழ 800 கர்ப்பிணிகளின் ரத்தத்தை அளந்தபோது, இரண்டாம் மும்மாதத்தில் வாந்தி இருந்த பெண்களிடம் அது கூடுதலாக இருந்தது. அங்கிருந்து ஃபேஸோவும் ஓ ராஹிலியும் கைகோத்தார்கள்.

அளவா, இடைவெளியா?

2023இல் வந்த கட்டுரை முதலில் கேட்ட கேள்வி, இந்தப் புரதத்தைச் சுரப்பது தாயா, பிள்ளையா என்பது. தாய்க்கும் கருவுக்கும் இந்தப் புரதத்தில் ஓரெழுத்து வேறுபாடு இருக்கிற கர்ப்பங்களைத் தேடிப் பிடித்தார்கள். பிறகு தாயின் ரத்தத்தை எடுத்து, எந்தக் கையெழுத்து அதிகம் என்று கருவி வைத்து எண்ணினார்கள். கிட்டத்தட்ட எல்லாமே கருவும் நஞ்சுக்கொடியும் அனுப்பியது. தகப்பன் மாறினால் ஏன் வித்தியாசம் வருகிறது என்ற நார்வே புதிருக்கு இங்கே ஒரு வாசல் திறந்தது. கருவின் மரபணுவில் பாதி தகப்பன் வழி வருவது. அனுப்பும் புரதத்தின் அளவில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

சரி, அதிகம் அனுப்பினால் அதிக வாந்தி என்று முடித்துவிடலாமா? மரபணு ஆய்வு இங்கேதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. கடும் வாந்திக்கு ஆளாகும் பெண்களிடம் இருந்த மரபணு மாற்றங்கள் ஜி.டி.எஃப்.15ஐக் கூட்டுபவை அல்ல, குறைப்பவை. அதாவது, கர்ப்பமாகாத நாட்களில் அவர்கள் ரத்தத்தில் இந்தப் புரதம் மற்றவர்களைவிடக் குறைவு. ‘சி211ஜி’ என்ற அபூர்வமான மாற்றம் உள்ளவர்களின் செல்கள் இதைச் சரியாக வெளியே விடுவதே இல்லை. நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பத்து மடங்காவது கூடுதல்.

காரம் பழகாத நாக்கில் ஒரு பச்சை மிளகாய் படுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்கக் குறைந்த ஜி.டி.எஃப்.15ஓடு வாழ்ந்த மூளை அதற்குப் பழகாதது. ஆறாவது வாரத்தில் நஞ்சுக்கொடி அதைக் கொட்டத் தொடங்கும்போது தாங்க முடியாமல் அலறுகிறது. அதே அளவு புரதம் வேறொரு பெண்ணின் உடலில் ஓடினாலும் அவள் மூளைக்கு அது பழகிய சங்கதி.

தலசீமியாப் பெண்களின் பதில் இப்போது புரியும். சிவப்பணு உற்பத்தி தடுமாறும் அந்த நோயில் எலும்பு மஜ்ஜை சின்ன வயதிலிருந்தே ஜி.டி.எஃப்.15ஐ அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டே இருக்கிறது. கர்ப்பம் வரும்போது அவர்கள் மூளைக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. எலிகளிடமும் இதுவே நடந்தது. முன்கூட்டியே நீண்ட நேரம் உடலில் தங்கும் வடிவத்தில் இந்தப் புரதத்தைக் கொடுத்துப் பழக்கிய எலிகள், பிறகு திடீரென்று பெரிய அளவு ஏற்றியபோதும் தீனியை விடவில்லை. பழக்காத எலிகள் விட்டன. ‘சி211ஜி’ குடும்பங்கள் தந்த சான்றும் நுட்பமானது. தாய்க்கு அந்த மாற்றம் இருந்து கருவுக்கு இல்லாவிட்டால் கரு வழக்கமான அளவு புரதத்தை அனுப்பும், தாய் துவண்டுபோவாள். கருவுக்கும் அதே மாற்றம் போயிருந்தால் புரதமே குறைவு. அந்தக் கர்ப்பங்களில் பாதிப்பும் குறைந்திருந்தது. ஒரே தாய் மூத்தவனுக்கு ஒரு மாதிரியும் இளையவளுக்கு வேறு மாதிரியும் அவதிப்படுவதற்கு இது ஒரு காரணம்.

புகைபிடிக்கும் பெண்களுக்குக் கர்ப்பகால வாந்தி குறைவு என்ற பழைய புள்ளிவிவரமும் இதோடு பொருந்துகிறது. புகை ஜி.டி.எஃப்.15ஐ உயர்த்தும். இதை யோசனையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; புகை கருவுக்குச் செய்யும் கேட்டின் பட்டியல் நீளமானது.

மாமியாருக்கு வருகிறேன் என்றேன். அஞ்சு பெற்றும் அவர் படுக்காததற்கு அவர் பிறப்பிலேயே கொஞ்சம் கூடுதலான ஜி.டி.எஃப்.15ஓடு இருந்திருக்கலாம். மருமகள் வேறு வீட்டில் பிறந்தவள், மரபணுவும் வேறு. இருவரையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

இந்த ஒரு புரதத்தோடு கதை முடிந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஜிஃப்ரால், ஐ.ஜி.எஃப்.பி.பி.7 ஆகிய மரபணுக்களும் பட்டியலில் உண்டு. ரத்தத்தில் ஜி.டி.எஃப்.15ஐ அளந்து நோயைச் சொல்லிவிடலாமா என்று கேட்டால், முடியாது. வாந்தியெடுப்பவர்கள் அளவும் எடுக்காதவர்கள் அளவும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிதானே விஷயம்? முன்னால் இருந்த அளவை யார் எடுத்துவைத்திருக்கிறார்கள்? எனவே ‘மசக்கை டெஸ்ட்’ என்று ஏதாவது லேப் விளம்பரம் செய்தால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

குளுக்கோஸ் பாட்டிலுக்கு முன்

ஆய்வுக்கூடத்திலிருந்து வார்டுக்கு வருவோம். நம் ஊரில் சோர்ந்துபோன எவருக்கும் முதல் வைத்தியம் ‘குளுக்கோஸ் ஏத்துறது’. கடும் வாந்தியில் வாடும் கர்ப்பிணிக்கு அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பி1 எனப்படும் தயமின் வைட்டமின் உடலில் சில வாரங்களுக்குத்தான் கையிருப்பு. சாப்பாடு இல்லாமல் அது தீர்ந்துபோன நிலையில் குளுக்கோஸை ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் காலியாகி, மூளை பாதிக்கப்படலாம். கண் பார்வை ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறிப் புத்தி தடுமாறும். ‘வெர்னிக்கி’ என்ற இந்தப் பாதிப்பு உயிரையும் வாங்கும். பிழைத்தாலும் ஞாபகமறதி நிரந்தரமாகத் தங்கலாம். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருக்கும் நமக்குக் கையிருப்பு முதலிலேயே மட்டாக இருக்க வாய்ப்புண்டு. ஆகவே, நீண்ட நாள் சாப்பிடாதவருக்கு முதலில் தயமின், பிறகே குளுக்கோஸ். திரவம் ஏற்ற உப்புக் கரைசலும் தேவைக்கேற்ற பொட்டாசியமும்தான் முதல் தேர்வு. “டாக்டர், பி1 ஊசி போட்டாச்சா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சிறுநீரில் கீட்டோன் இருந்தால்தான் அட்மிஷன் என்ற வழக்கமும் மாறிவருகிறது. கீட்டோன் அளவு உடலின் நீர்வற்றலைக் காட்டாது, நோயின் கடுமைக்கு அதை அளவுகோலாக்க வேண்டாம் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் ராயல் கல்லூரி 2024 வழிகாட்டியில் சொல்லிவிட்டது. அதற்குப் பதில் எளிய மூன்று கேள்விகள் உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் குமட்டியது, எத்தனை முறை வாந்தி, எத்தனை முறை வெறும் ஓங்கரிப்பு. 15க்கு மதிப்பெண், 13ஐத் தொட்டால் கடுமை. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டும் என்பதால் வாந்தி அடங்கும்வரை அதைத் தள்ளிவைப்பதுண்டு. வீட்டில் யாராவது மாத்திரையைக் கட்டாயப்படுத்தினால் டாக்டரிடமே பேசச் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் வேறு கதை, அதை விடக் கூடாது.

இஞ்சி லேசான மசக்கைக்குக் கொஞ்சம் உதவுவதாகச் சோதனைகள் உண்டு. தண்ணீரே தங்காதவரிடம் இஞ்சிச் சாறை நீட்டுவது அவர் படும் பாட்டை அவமதிப்பதுதான்.

மருந்து சாப்பிடவே பயப்படும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடைத் தூக்கத்துக்கும் கர்ப்பகாலக் குமட்டலுக்கும் தந்தார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறுவதற்குள் பத்தாயிரம் குழந்தைகள் வரை கைகால் குறைந்து பிறந்தார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரி ஒப்புதல் தராமல் இழுத்தடித்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது. அந்தப் பயம் ஒரு நல்ல மருந்தையும் காவு வாங்கியது. டாக்ஸிலமினும் பி6 வைட்டமினும் கலந்த பெண்டெக்டின் மாத்திரையை 3 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் சாப்பிட்டிருந்தார்கள். அதன் மேல் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் வழக்குகளின் செலவு தாங்காமல் 1983இல் கம்பெனி அதை நிறுத்தியது. அதன் பிறகு அமெரிக்காவில் வாந்திக்காக ஆஸ்பத்திரியில் சேரும் கர்ப்பிணிகள் கூடினார்கள்; குழந்தைகளின் பிறவிக் குறைபாடு குறையவில்லை. 2013இல் அதே கலவை வேறு பெயரில் அங்கே திரும்பி வந்தது. நம் ஊர் மருத்துவர்கள் இன்றைக்கும் முதலில் எழுதுவது அதே கலவையைத்தான். அது போதாதபோது ஆண்டன்செட்ரான் வருகிறது. முதல் மூன்று மாதத்தில் அதைச் சாப்பிட்டால் அண்ணப்பிளவு 10,000 பிறப்புகளுக்கு மூன்று கூடலாம் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. தண்ணீர் தங்காமல் கிடப்பதன் ஆபத்தோடு அதை எடைபோட்டுத்தான் மருத்துவர்கள் தருகிறார்கள்.

அடுத்து என்ன?

இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, புரதத்தையோ அது ஒட்டுமிடத்தையோ அடைப்பது. ஃபைசர் கம்பெனியின் போன்செக்ரோமாப் என்ற ஊசி ஜி.டி.எஃப்.15ஐப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. புற்றுநோயால் மெலிந்தவர்கள் அதைப் போட்டுக்கொண்டதில் எடை கூடினார்கள் என்று 2024இல் முடிவு வந்தது. இதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாமா என்பது வேறு. முதல் மாதங்களில் இந்தப் புரதம் மிகக் குறைவாக இருந்த பெண்களுக்குக் கருச்சிதைவு கூடுதலாக நேர்ந்ததை ஓர் ஆஸ்திரேலியக் குழு 2004இலேயே பார்த்திருக்கிறது. புரதம் குறைந்ததால் கரு கலைந்ததா, கரு நலிந்ததால் புரதம் குறைந்ததா? இரண்டாவதுதான் என்று தோன்றினாலும், தாலிடோமைடுக்குப் பிறகு தோன்றுவதை வைத்து யாரும் கர்ப்பிணிக்கு ஊசி போட மாட்டார்கள். போடவும் கூடாது.

இரண்டாவது வழி, இலங்கைப் பெண்கள் காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பே மூளையைப் பழக்குவது. அதற்கு ஏற்ற மாத்திரை நம் வீட்டு அலமாரிகளிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் சினைப்பை நீர்க்கட்டிக்கும் தரும் மெட்ஃபார்மின், ஜி.டி.எஃப்.15ஐ உயர்த்துகிறது. ஆரம்பத்தில் அது வயிற்றைப் புரட்டுவதற்கும் அந்தப் புரதமே காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. முந்தைய கர்ப்பத்தில் படுத்த படுக்கையான பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்க்கலாம் என்பது ஃபேஸோ முன்வைக்கும் யோசனை. முறையான சோதனையில் தேறும்வரை யாரும் தானாகத் தொடங்க வேண்டாம். அடுத்த வீட்டு அக்காவின் ஸ்டிரிப்பிலிருந்து இரண்டு கிள்ளிக்கொள்வதும் வேண்டாம்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. கல்யாணமான பெண்கள் அம்மாவிடமும் அக்கா தங்கையிடமும் கேட்டுவைத்துக்கொள்ளலாம்: வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா, எத்தனை மாதம் நீடித்தது, எந்த மருந்து கேட்டது? ஏற்கெனவே ஒருமுறை அவதிப்பட்டவர்கள் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கி எறியாமல், அடுத்த முறை நாள் தள்ளிப்போனதுமே முதல் வருகையில் காட்டலாம். டாக்ஸிலமின்-பி6 மாத்திரையைக் குமட்டல் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்தால் அடுத்த சுற்றின் கடுமை குறைகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அதை எழுதித்தர மருத்துவருக்குத் தேவைப்படுவது அந்தப் பழைய காகிதம்தான்.